நீர்க்குதிரை என்று பெயர் பெற்ற விலங்கு



தெலுக் இந்தான் நகரத்திற்கு வருகிறவர்கள் சாய்ந்த கோபுரத்தைப் பார்க்காமல் போவதில்லை. 1885-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, கடைத்தெருவில் சாமான்களை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம். ஆனால் அதே ஊரில் ஒரு யானைக்கும் நினைவுப் பலகை உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1893-இல் தாப்பா ரோட்டிலிருந்து இந்த ஊருக்கு இரயில் பாதை போட்டார்கள். காட்டை ஊடறுத்துச் சென்ற பாதை அது. மறு ஆண்டு, 1894 செப்டம்பர் 17-ஆம் நாள், ஒரு காட்டு யானை ஓடிவந்த இரயிலை எதிர்த்து மோதித் தடம்புரளச் செய்துவிட்டுத் தானும் மாண்டது. தன் கூட்டத்தைக் காப்பதற்காக மோதிய யானை இங்கே புதைக்கப்பட்டிருக்கிறது என்று பிறகு பலகை எழுதி வைத்தார்கள். அப்போது ஊரின் பெயர் தெலுக் ஆன்சன். தெலுக் இந்தான் என்ற பெயர் 1982-இல்தான் வந்தது.

நேயர்களே, அன்று இரயிலில் மோதிய விலங்கு எது என்று யாரும் கேட்கவில்லை. யானை எல்லோருக்கும் தெரிந்த விலங்கு. ஆனால் அதே காட்டில், அதே ஆற்றோரத்தில், மாட்டுக் கன்று உயரமும் எருமையைப் போன்ற கனமும் கொண்ட இன்னொரு விலங்கு வாழ்ந்து வந்தது. அதை இன்ன விலங்கு என்று ஐரோப்பிய அறிஞர்கள் தெரிந்துகொள்ள 47 ஆண்டுகள் பிடித்தன. அந்த 47 ஆண்டுக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

கதை தொடங்குவது நம் நாட்டில் அன்று. பேராக் ஆறு கடலில் கலக்கும் பாகான் டத்தோ பக்கம் நின்று மேற்கே பாருங்கள். கண்ணுக்கு எட்டாத தூரத்தில், மலாக்கா நீரிணைக்கு அப்பால் சுமத்ரா தீவு கிடக்கிறது. அந்தத் தீவின் மேற்குக் கரையில் பென்கூலன் என்ற இடத்தில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை கட்டி மிளகு வாணிபம் செய்து வந்தது. இன்று அந்த ஊரைப் பெங்குலு என்று அழைக்கிறார்கள்.

1772-ஆம் ஆண்டு, கம்பெனியாருக்காகக் கடற்கரையை அளக்கும் வேலையில் வால்ஃபெல்ட் என்பவர் ஈடுபட்டிருந்தார். பென்கூலனுக்குத் தெற்கே ஓர் ஆற்றின் முகத்துவாரத்தில் அவர் ஒரு விலங்கைக் கண்டார். பருத்த உடல், குட்டையான கால்கள், தண்ணீரை விட்டு அகலாத பழக்கம். அதற்கு முன் அவர் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அதனைப் படமாக வரைந்து, அறிக்கையோடு சேர்த்துக் கோட்டைக்கு அனுப்பினார். அறிக்கையில் அந்த விலங்கிற்கு அவர் கொடுத்த பெயர் ஆப்பிரிக்க ஆறுகளில் வாழும் ஹிப்போபொட்டாமஸ். நாம் தமிழில் நீர்யானை என்கிறோமே, அதுதான்.

ஏன் இப்படி ஒரு பெயர்? சுமத்ரா நீர்யானைக்கு அந்நாளில் எழுதப்பட்ட மலாய்ப் பெயர் குடா ஆயர். குடா என்றால் குதிரை, ஆயர் என்றால் தண்ணீர்; ஆகவே நீர்க்குதிரை. கிரேக்க மொழியில் ஹிப்போபொட்டாமஸ் என்ற சொல்லுக்கும் ஆற்றுக்குதிரை என்றுதான் பொருள். படமும் பருத்த விலங்கின் படம், பெயரும் நீர்க்குதிரை. இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? தமிழன் ஒருவன் அந்தக் கணக்கை எழுதியிருந்தால் நீர்யானை என்ற சொல்லுக்கும் நீர்க்குதிரை என்ற சொல்லுக்கும் பொருத்தம் காணாமல் ஒரு நிமிடம் நின்று யோசித்திருப்பான்! மொழி சில வேளைகளில் கண்ணைத் திறக்கிறது. சில வேளைகளில் கண்ணைக் கட்டிவிடுகிறது.

பென்கூலன் அரசுச் செயலகத்தில் அந்நாளில் பணியாற்றியவர் வில்லியம் மார்ஸ்டன். வால்ஃபெல்ட் அனுப்பிய படத்தை அவர் பார்த்தார். பிறகு இங்கிலாந்து திரும்பி, 1783-இல் சுமத்ராவின் வரலாற்றைப் பெரிய நூலாக வெளியிட்டார். இன்றும் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் படிக்கும் நூல் அது. தீவின் விலங்குகளை வரிசைப்படுத்தும்போது அவர் நீர்யானையையும் அதில் சேர்த்துவிட்டார். மார்ஸ்டன் அதைத் தம் கண்ணால் கண்டவர் அல்லர். ஒருவர் கண்டார், வரைந்தார். இன்னொருவர் வரைபடத்தைக் கண்டார், எழுதினார். புத்தகத்தில் அச்சேறிய பிறகு அது உலகம் ஒப்புக்கொண்ட செய்தியாகிவிட்டது.

ஆனால் ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை. பாரிஸ் நகரத்தில் விலங்கியல் துறையில் சக்கரவர்த்தி போல விளங்கியவர் கூவியே. 1769-இல் பிறந்து 1832-இல் மறைந்தவர். எலும்பைப் பார்த்தே விலங்கைச் சொல்லக்கூடியவர் என்று புகழ் பெற்றவர். சுமத்ராவில் நீர்யானை இருக்கிறதா என்று அவர் ஐயம் எழுப்பினார். அதற்கு மார்ஸ்டன், தாம் நேரில் பார்க்கவில்லை, வால்ஃபெல்ட் வரைந்த படத்தை நம்பியே எழுதினோம் என்று தம் நூலின் பிந்திய பதிப்பில் மறைக்காமல் சொன்னார். தாம் சொன்னது எங்கிருந்து வந்தது என்பதை அவர் எழுதி வைத்ததால்தான் பின்னால் வந்தவர்களால் தவற்றைத் திருத்த முடிந்தது. இதனை நாம் பாராட்ட வேண்டும்.

கூவியேயின் ஐயம் சரியான ஐயம். சுமத்ராவில் நீர்யானை கிடையாது. எனினும், அதே கூவியே 1812-இல் வெளியிட்ட நூலில் இன்னொன்றையும் சொன்னார். பெரிய நாற்கால் விலங்குகளில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க இனி நம்பிக்கை மிகக் குறைவு என்பதே அது. பூச்சி, புழு, சிறு மீன் கண்ணுக்குத் தப்பலாம்; எருமை போன்ற விலங்கு தப்புமா? பழங்கால மக்களும் பிரயாணிகளும் எல்லாவற்றையும் பார்த்து எழுதிவிட்டார்களே என்பது அவர் வாதம்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. பார்த்தவர்கள் என்று அவர் யாரைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்? ஏட்டில் எழுதியவர்களை மட்டும்தான். மலாயாக் காட்டிலும் சுமத்ராக் காட்டிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஒராங் அஸ்லி மக்களும், மலாய்க் கம்போங் மக்களும், வேடர்களும் அந்தக் கணக்கில் வரவில்லை. அவர்களுக்கு அந்த விலங்கு புதியது அன்று. அதன் தடம் தெரியும், மேயும் நேரம் தெரியும், இறைச்சியின் சுவைகூடத் தெரியும். அவர்களிடம் கேட்கத்தான் ஆள் இல்லை.

கேட்ட மனிதர் ஒருவர் மலாக்காவில் இருந்தார். அவர் பெயர் வில்லியம் பார்குவார். ஸ்காட்லாந்துக்காரர். 17 வயதில், 1791-ஆம் ஆண்டு, நம் சென்னைப் பட்டினத்தில் வந்து இறங்கி, மதராஸ் பொறியியல் படையில் சேர்ந்தவர். 1795-இல் ஆங்கிலேயர் டச்சுக்காரரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றியபோது அந்தப் படையோடு வந்தார். 1803 முதல் 1818 வரை மலாக்காவை ஆளும் பொறுப்பு அவரிடம் இருந்தது. பிறகு 1819-இல் சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்டாகப் போனார். மலாய் பேசத் தெரிந்தவர். காட்டு விலங்குகளைப் பிடித்து வந்து கொடுப்பவர்களை அன்போடு வரவேற்று, பெயர் கேட்டு, பழக்கம் கேட்டுக் குறித்துக்கொள்வார். மலாக்காவில் இருந்த சீன ஓவியர்களைக் கொண்டு விலங்கு, பறவை, மீன், செடி என்று படம் வரைய வைத்தார். அப்படிச் சேர்ந்த 477 ஓவியங்கள் இன்று சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. வரைந்த ஓவியர்களின் பெயர் மட்டும் எங்கும் பதிவாகவில்லை. உழைத்தவன் பெயர் ஏட்டில் ஏறாமல் போவது தோட்டப்புறத்து மக்களான நமக்குப் புதிய செய்தி அன்று.

பார்குவாரிடம் ஒரு நாள் அந்த விலங்கு வந்து சேர்ந்தது. முன்பாதி கறுப்பு; தோளுக்குப் பின்னாலிருந்து பிட்டம் வரை வெள்ளை, வேட்டியைச் சுற்றிக் கட்டியது போல; கால்கள் மறுபடியும் கறுப்பு. மூக்கும் மேலுதடும் சேர்ந்து நீண்டு, குட்டித் தும்பிக்கை போலத் தொங்கி அசையும். மலாக்கா மக்கள் அதைத் தென்னு என்றார்கள். இன்று மலாய் மொழியில் தெனுக், சிப்பான் என்ற பெயர்கள் வழங்குகின்றன. நேயர்களே, நீங்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். நாம் தாப்பிர் என்று சொல்லும் விலங்குதான் அது.

பார்குவார் ஒரு தாப்பிரை வீட்டிலேயே வளர்த்தார். அது நாயைப் போலச் சாதுவாகப் பழகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் மேசையருகே வந்து நின்று, ரொட்டிக்கும் பணியாரத்திற்கும் காத்திருக்குமாம். அவர் அதோடு நிற்கவில்லை. உயரம் அளந்தார், நீளம் அளந்தார், பல்லை எண்ணினார், விரல்களை எண்ணினார். படத்தையும் விலங்கின் தலையையும் விவரக் கட்டுரையையும் 1816-இல் கல்கத்தாவுக்கு அனுப்பி வைத்தார். கல்கத்தாவில் 1784-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆசியாட்டிக் சொசைட்டி என்ற கற்றோர் சங்கம் இருந்தது. மலாயாக் காடுகளில் யானையும் காண்டாமிருகமும் எவ்வளவு சாதாரணமோ, இந்த விலங்கும் அவ்வளவு சாதாரணம் என்று அவர் அச்சங்கத்திற்குத் தெரிவித்தார். ஐரோப்பாவில் இனி இல்லை என்று முடிவு கட்டிய புதிய பெரிய விலங்கு, இங்கே யானைக்குச் சமமாக உலாவிக்கொண்டிருந்தது!

அதுவரை தாப்பிர் இனம் அமெரிக்கக் கண்டத்தில் மட்டுமே உண்டு என்று உலகம் நினைத்திருந்தது. தென் அமெரிக்காவின் தாப்பிர் முழுவதும் பழுப்பு நிறம். இங்குள்ளதோ கறுப்பு வெள்ளை. ஆகவே இது தனி இனம் என்பது தெளிவு.

ஆனால் பார்குவாருடைய கட்டுரை அச்சேறத் தாமதமாயிற்று. இதற்கிடையில் கூவியேயின் மாணவரான தியார் என்ற பிரெஞ்சுக்காரர் கல்கத்தா வந்தார். அருகேயுள்ள பரக்பூரில் கவர்னர் ஜெனரலின் விலங்குக் காட்சித் தோட்டத்தில் ஒரு தாப்பிர் உயிரோடு இருந்தது. இவ்வளவு பெரிய விலங்கு இத்தனை நாள் எப்படித் தெரியாமல் இருந்தது என்று அவர் வியந்தார். பிறகு சங்கத்தில் பார்குவார் அனுப்பிய தலையைப் பார்த்தபோது வியப்பு இன்னும் அதிகமாயிற்று. படம் வரைந்து பாரிசுக்கு அனுப்பினார். 1819-இல் தெமாரே என்ற பிரெஞ்சு விலங்கியலார் அதற்கு தாப்பிரஸ் இண்டிகஸ் என்று அறிவியல் பெயரிட்டார். பார்குவாரின் கட்டுரை அச்சில் வந்தது 1820-இல். ஓராண்டு முந்திக்கொண்டதால், பெயர் சூட்டியவர் என்ற பெருமை பாரிசில் இருந்தவருக்குப் போயிற்று. மலாக்காக் காட்டில் அதைப் பிடித்துக் கொண்டுவந்தவர் யார் என்பது ஒருவருக்கும் தெரியாது.

அப்படியானால் வால்ஃபெல்ட் கண்ட நீர்யானை என்ன ஆயிற்று? அந்த முடிச்சை அவிழ்த்தவர் ராபிள்ஸ். சிங்கப்பூரோடு பெயர் சேர்ந்த அதே ராபிள்ஸ், அப்போது பென்கூலனில் கவர்னராக இருந்தார். பழைய ஏடுகளைப் புரட்டினார், மக்களிடம் விசாரித்தார். 1772-இல் ஆற்றுமுகத்தில் காணப்பட்டது நீர்யானை அன்று, தாப்பிர்தான் என்பது தெளிவாயிற்று. தாப்பிர் நன்றாக நீந்தும். நீருக்கடியில் தரையில் நடந்துகூடப் போகும். ஆற்றோரத்தில் கண்டவர் மயங்கியதில் வியப்பில்லை.

ராபிள்ஸ் இன்னொரு காரியமும் செய்தார். ஊருக்கு ஊர் அந்த விலங்கிற்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதினார். பென்கூலன் உட்புறத்தில் கிண்டோல். பாலெம்பாங் உட்புறத்தில் பாபி ஆலு. லிமுன் பகுதியில் சலடாங். மலாக்காவில் தென்னு. ஒரே விலங்கிற்கு நான்கு பெயர். சலடாங் என்ற பெயரைக் கேட்டதும் நம் பெரியவர்கள் சிரிப்பார்கள். மலாயாவில் செலாடாங் என்றால் காட்டுமாடு அல்லவா? பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு போயிருந்தால், தாப்பிரைக் காட்டுமாடு என்று எழுதியிருப்பார்கள்; மறுபடியும் ஒரு 47 ஆண்டு வீணாகியிருக்கும்.

சரி, பெயரை நம்ப முடியாவிட்டால் எதை நம்புவது? காலை நம்பலாம். தாப்பிரின் முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று விரல். ஈர மண்ணில் அந்தத் தடம் தெளிவாகப் பதியும். காட்டுப்பன்றிக்கும் மானுக்கும் காட்டுமாட்டுக்கும் குளம்பு இரண்டாகப் பிளந்திருக்கும். யானையின் தடம் முறம் போல வட்டம். மூன்று விரல் தடம் காண்டாமிருகத்திற்கும் உண்டு. ஆனால் அது இதைவிட மிகப் பெரியது. இந்த ஒரு கணக்குத் தெரிந்தால், விலங்கைப் பார்க்காமலே அது இன்னது என்று சொல்லிவிடலாம்.

இந்தக் கால் விரல்களில் ஓர் அதிசயமும் அடங்கியிருக்கிறது. பின்காலில் ஒற்றைப்படை விரல் கொண்டு நடக்கும் குளம்பு விலங்குக் குடும்பங்கள் இன்று உலகில் மூன்றே மூன்று. ஒன்று குதிரை, இன்னொன்று காண்டாமிருகம், மூன்றாவது தாப்பிர். இவை மூன்றும் ஒரே மூதாதையரின் வழி வந்தவை. இப்போது நினைத்துப் பாருங்கள். சுமத்ரா ஏட்டில் ஏறிய பெயர் நீர்க்குதிரை. மலாயாக் கம்போங்குகளில் வழங்கும் இன்னொரு பெயர் பாடாக் தம்போங். ஒட்டுத்துணி போட்ட காண்டாமிருகம் என்று பொருள். குதிரை என்றும் காண்டாமிருகம் என்றும் படிக்காத மக்கள் வைத்த இரண்டு பெயர்களும் தாப்பிரின் உண்மையான உறவினர்களைச் சுட்டுகின்றன! படித்தவர் எழுதிய நீர்யானையோ இரட்டைக் குளம்பு இனம். தாப்பிருக்கு நெருங்கிய உறவே அன்று. பாபி ஆலு என்று பன்றியாக்கியவர்களும் தவறித்தான் போனார்கள். ஆகையால் பாமர மக்கள் சொல்வதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. கேட்காமல் தள்ளிவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

மாணவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். சுமத்ரா ஒரு தீவு; மலாயா ஒரு தீபகற்பம். நடுவில் கடல். இரு பக்கமும் ஒரே விலங்கு எப்படி வந்தது? ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகில் குளிர் மிகுந்து, கடல்நீரில் பெரும்பகுதி வடதுருவப் பக்கம் பனிக்கட்டியாக உறைந்து நின்றது. அப்போது கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆழம் குறைந்த மலாக்கா நீரிணை அன்று தரையாகக் கிடந்தது. விலங்குகள் நடந்தே போய்வந்தன. பனி உருகியதும் கடல் புகுந்து இரண்டையும் பிரித்துவிட்டது.

இனி, இன்னது என்று தெரிந்துகொள்ளத் தவறினால் என்ன இழப்பு என்பதையும் சொல்ல வேண்டும். நம் பேராக் மாநிலத்திலேயே அதற்கு ஒரு சான்று உண்டு. மலாயாக் காட்டில் ஒரு காலத்தில் இரண்டு வகைக் காண்டாமிருகங்கள் வாழ்ந்தன. இரண்டு கொம்புள்ள சுமத்ரா காண்டாமிருகம் ஒன்று. ஒற்றைக் கொம்புள்ள ஜாவா காண்டாமிருகம் மற்றொன்று. கொம்புக்காக வேட்டையாடியவர்களில் பலருக்கு எல்லாம் ஒரே பாடாக்தான். எது எத்தனை மிச்சம் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க ஆளில்லை. 1932-இல் பேராக்கில் ஓர் ஒற்றைக்கொம்பன், அரும்பொருளகத்தில் வைப்பதற்காகச் சுட்டு வீழ்த்தப்பட்டது. தீபகற்பத்தில் உறுதியாகப் பதிவான கடைசி ஜாவா காண்டாமிருகம் அதுதான். அடையாளம் தெளிவாகத் தெரிந்தபோது அடையாளம் காட்ட விலங்கு இல்லை. இரட்டைக் கொம்பனும் பிறகு குறைந்துகொண்டே வந்து, 2019 நவம்பரில் சபாவில் கடைசிப் பெண் விலங்கு இறந்ததோடு மலேசிய மண்ணிலிருந்து மறைந்துவிட்டது.

இதெல்லாம் பழைய காலம், இன்று காமிரா இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். போர்னியோ தீவில் நடந்ததைக் கேளுங்கள். 2003-இல் இந்தோனேசியப் பகுதியான காலிமந்தானில், காயான் மெந்தாராங் தேசியப் பூங்காவில், காட்டில் பொருத்தி வைத்த தானியங்கிக் காமிராவில் இரண்டு படங்கள் விழுந்தன. செந்நிற உடல், நீண்ட வால். உள்ளூர் மக்களிடம் காட்டினார்கள், யாருக்கும் பிடிபடவில்லை. 2005 டிசம்பரில், அறிவியலுக்குத் தெரியாத புதிய ஊனுண்ணி விலங்காக இருக்கலாம் என்ற செய்தி உலகமெங்கும் பரவியது. மறு ஆண்டிலேயே வேறு ஆராய்ச்சியாளர்கள் அந்தப் படங்களை அளந்து, காலையும் வாலையும் ஒப்பிட்டுப் பார்த்து, அது பெரும்பாலும் தரையில் இறங்கிய ஒரு பெரிய பறக்கும் அணிலாகத்தான் இருக்கும் என்று எழுதினார்கள். வால்ஃபெல்ட் கையால் வரைந்தார்; இவர்களுக்கு இயந்திரம் வரைந்து கொடுத்தது. மயக்கம் அதேதான். எதைக் கண்டோம் என்பதற்கு முன்னால், எதைக் காண ஆசைப்பட்டோம் என்பது ஓடிவந்து நிற்கிறது.

நேயர்களே, இந்த வரலாற்றை ஏன் தோட்டப்புறத்து மக்களுக்குச் சொல்கிறேன்? காட்டு விளிம்பில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் நம்மவர்கள். இருட்டோடு எழுந்து, பெரட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, காண்டா வாளியோடு பால்மரக் காட்டுக்குப் போன நம் பாட்டன் பாட்டிமார் கண்டதைப் போல விலங்குகளைக் கண்டவர்கள் குறைவு. பன்றி, சருகுமான், உடும்பு, புனுகுப்பூனை, கரடி, சில வேளை புலி. லயத்து வாசலில் உட்கார்ந்து அவர்கள் சொன்ன கதைகளை நாம் பேய்க் கதை என்று சிரித்திருக்கிறோம். நிறைகளுக்கு நடுவில் நிலவொளியில் ஒரு வெள்ளைப் பாறை எழுந்து நடந்து போனது என்று ஒரு பாட்டி சொன்னால், அவள் பொய் சொல்லவில்லை. தாப்பிர் இரவில் மேயும் விலங்கு. கறுப்பு இருட்டில் கலந்துவிட, வெள்ளை மட்டும் தெரியும். உருவம் உடைந்து போகும். படுத்திருந்தால் பாறையேதான். அதன் குரலும் உடலுக்குப் பொருந்தாது. சீழ்க்கை அடிப்பது போல மெல்லிய குரல். அறியாதவருக்குப் பேய் என்று தோன்றாமல் வேறு என்ன தோன்றும்?

இன்று பால்மரம் நின்ற இடங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. பல தோட்டங்கள் பிரிந்து, குடும்பங்கள் தாமான்களுக்குப் போய்விட்டன. காடும் துண்டு துண்டாகிவிட்டது. வளர்ந்த தாப்பிர் 250 முதல் 320 கிலோ வரை எடையுள்ளது. அதற்கு மேய நிறைய இடம் வேண்டும். ஒரு துண்டுக் காட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் செம்பனைத் தோட்டத்திலும் நெடுஞ்சாலையிலும் வந்து அகப்பட்டுக்கொள்கிறது. பார்வை மங்கலான விலங்கு. வாகன விளக்கைக் கண்டு விலகத் தெரியாது. இரவில் கறுப்பு முகம் ஓட்டுநர் கண்ணுக்கும் தெரியாது. இப்படிச் சாலையில் மாண்ட தாப்பிர்கள் பல. பார்குவார் காலத்தில் யானைக்குச் சமமாக உலாவிய இனம், இன்று அழிவை எதிர்நோக்கும் விலங்குகளின் பட்டியலில் இருக்கிறது. உலகத்திலுள்ள முழுவளர்ச்சி பெற்ற தாப்பிர்கள் 2,500-க்கும் குறைவு என்பது உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் மதிப்பீடு. ஒரு தாய் சுமார் 13 மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டிதான் போடும். ஒன்று மாண்டால் ஈடு செய்ய எவ்வளவு காலம் ஆகும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

குட்டியைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி. தாப்பிர்க் குட்டி தாயைப் போல இருக்காது. பழுப்பு உடலில் வெள்ளைக் கோடும் புள்ளியுமாக, தர்ப்பூசணிக் காய் போல இருக்கும். சில மாதங்கள் கழித்துத்தான் கறுப்பு வெள்ளை நிறம் வரும். காட்டுப்பன்றிக் குட்டிக்கும் உடம்பில் கோடு உண்டு. மங்கிய வெளிச்சத்தில் பன்றிக்குட்டி என்று நினைத்து அடித்துவிட்டால், பாதுகாக்கப்பட்ட விலங்கைக் கொன்ற குற்றம் வந்து சேரும். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தாப்பிர் முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. மூக்கைப் பாருங்கள், நீண்டு வளைந்து அசைந்தால் தாப்பிர். தடத்தைப் பாருங்கள், மூன்று விரலும் நான்கு விரலும் இருந்தால் தாப்பிர். சந்தேகமாக இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

பழக்கமில்லாத விலங்கு ஒன்று உங்கள் தோட்டத்துப் பக்கம் வந்தால் என்ன செய்யலாம்? துரத்த வேண்டாம். நாயை ஏவ வேண்டாம். தாய் தாப்பிர் குட்டியோடு இருந்தால் கடிக்கக்கூடும். ஆகவே எட்டி நில்லுங்கள். எங்கே, எந்த நேரத்தில், எந்தப் பக்கம் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். தடத்தின் அருகே ஒரு தீப்பெட்டியை வைத்துப் படம் எடுத்தால் அளவும் தெரிந்துவிடும். பிறகு வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள். வழிதவறிப் பிடிபடும் தாப்பிர்களைப் பேணுவதற்கு, பேராக் எல்லைக்கு அருகே சிலாங்கூரின் சுங்கை டூசூனில் தனி நிலையமே நடத்துகிறார்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, ஒன்றை நினைவில் வையுங்கள். கண்டதை முதலில் சொல்லுங்கள். பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். வால்ஃபெல்ட் பெயரை முதலில் சொன்னார், 47 ஆண்டு வீணாயிற்று. பார்குவார் விரலை எண்ணினார், உண்மை வெளிவந்தது. கூவியே எவ்வளவு பெரிய அறிஞர்! காட்டில் இருந்தவனைக் கேட்காததால் அவரும் தவறினார். உங்கள் வீட்டுப் பிள்ளை ஓடிவந்து, காட்டோரத்தில் என்னவோ பார்த்தேன் என்று சொன்னால், போடா என்று விரட்டாதீர்கள். எத்தனை கால்விரல் என்று கேளுங்கள். மூக்கு எப்படி என்று கேளுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், அவர்கள் பால்மரக் காட்டில் கண்டதைச் சொல்லச் சொல்லி ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். மலாக்காவில் அந்த விலங்கைப் பிடித்து வந்தவன் பெயர் மறைந்து போனது. நம் பெரியவர்கள் கண்டதும் அப்படி மறைந்து போக வேண்டாம்.